சின்னம்மாவின் வேர்ட் 2003

"ஏம்மா, எங்க ஊரு அரூருங்க. இதுல ஆரூர்னு போட்டிருக்கே?"

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். போன செமஸ்டர் லீவில், ஒரு திங்கட்கிழமை காலை. தர்மபுரிக்காரர்களுக்குத் திங்கட்கிழமை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து மனு கொடுக்க வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் மனு இருக்காது, விஷயம் மட்டும்தான் இருக்கும். அதை மனுவாக்கித் தருவது சின்னம்மாவின் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன். பத்துக்கு எட்டு ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வெளியே ஒரு பெஞ்ச்.

அன்றைக்குப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர். உள்ளே சின்னம்மா புதுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெரியவரின் பட்டா மாறுதல் மனுவில் "அரூர் வட்டம்" என்று ஆரம்பிக்கும் வரி "ஆரூர் வட்டம்" ஆகிவிட்டது. சின்னம்மா திருத்தினார். அது மறுபடி ஆரூர் ஆனது. தர்மபுரி மாவட்டத்து ஆள் கண்ணெதிரே திருவாரூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எப்படியோ திருத்தி பிரிண்ட் எடுத்தால், எப்போதும் ஒரே பக்கத்தில் முடிகிற மனுவில் "இப்படிக்கு" என்ற வரியும் கையெழுத்து இடமும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிட்டன. பெரியவர் எதுவும் பேசாமல் மணியைப் பார்த்தார்.

தப்பு என் மேல்தான். முந்தின சனிக்கிழமை புதுக் கம்ப்யூட்டரை இறக்கி, ஒயர் எல்லாம் மாட்டி, "எல்லாம் ரெடி சின்னம்மா, பழைய மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டுப் போனவன் நான்.

பழைய கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி, ஆபீஸ் 2003. இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது ஒரே நாளில், 2014 ஏப்ரல் 8. சின்னம்மாவுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மெஷினில் இன்டர்நெட்டே கிடையாது. அதற்குப் பிறகும் 11 வருஷம் ஓடியது. கடைசியில் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. டாக்குமெண்டுகளை பென்டிரைவில் அவ்வப்போது எடுத்து வைத்திருந்தார், தப்பித்தது. போனது வேறு ஒன்று. அது என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சின்னம்மா டைப்ரைட்டிங் தமிழில் ஹையர், இங்கிலீஷில் லோயர். தொண்ணூறுகளில் மெஷினில் "யளனக, யளனக" என்று மாசக்கணக்கில் தட்டிப் படித்தவர். அந்தத் தமிழ் விசைப்பலகைக்கு வயது அதிகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கிய காலத்திலிருந்து தொடர்ந்து வருகிற பாரம்பரியம் அது. கம்ப்யூட்டர் வந்தபோது அதே விசை வரிசையை ஒட்டி பாமினி மாதிரி எழுத்துருக்கள் வந்தன. விரல் மாறவில்லை, மெஷின்தான் மாறியது. அதனால்தான் சின்னம்மாவால் 2000-க்குப் பிறகு ஒரே வாரத்தில் கம்ப்யூட்டருக்குத் தாவ முடிந்தது.

இப்போது ஆரூர் விஷயத்துக்கு வருகிறேன். பாமினியில் "அ" அடிக்க சின்ன எம். ஷிஃப்டோடு அடித்தால், அதாவது பெரிய எம் ஆனால், "ஆ". வேர்டுக்கு நாம் தமிழ் அடிப்பது தெரியாது. அதைப் பொறுத்தவரை அது ஏதோ கோணல்மாணலான இங்கிலீஷ். வாக்கியத்தின் முதல் எழுத்து சின்ன எழுத்தாக இருக்கிறதே, பாவம் மறந்துவிட்டார்கள் என்று அதுவே பெரிய எழுத்தாக மாற்றிவிடும். அரூர் ஆரூர் ஆகும், அம்மா ஆம்மா ஆவாள். இன்னொன்றையும் கேளுங்கள். மனுவில் (அ), (ஆ), (இ), (ஈ), (உ) என்று இனம் பிரித்து எழுதுவது வழக்கம். பாமினியில் "உ" என்பது சின்ன சி. அடைப்புக்குறிக்குள் சி வந்தால் வேர்ட் அதைக் காப்புரிமைக் குறியாக்கிவிடும். ஆக நாலு கோரிக்கை வைக்கிற வரை மனு ஒழுங்காக இருக்கும், ஐந்தாவது கோரிக்கை வைத்தால் போச்சு. :-)

இதெல்லாம் புது வேர்டின் குற்றம் இல்லை. பழைய வேர்டிலும் இதே ஆட்டோகரெக்ட் இருந்தது. சின்னம்மா ஒவ்வொரு தொல்லை வரும்போதும் யாரையாவது கேட்டு ஒவ்வொன்றாக அணைத்து வைத்திருந்தார், 20 வருஷமாக. எதை அணைத்தோம், எதைச் சேர்த்தோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. அந்த மெஷினோடு செத்துப்போனது அதுதான். ஒரு தச்சரின் இழைப்புளியை எடுத்துக்கொண்டு அதே கம்பெனியின் புது இழைப்புளியைக் கொடுத்த மாதிரி. பிடி அவர் கைக்குத் தேய்ந்தது இல்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கடையைத் திறந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஆறு மணி நேரம் ஆனது. இதே நிலைமையில் உங்கள் வீட்டிலும் யாராவது இருக்கலாம் என்பதால் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். அங்கே டிக் போட்டிருந்த எல்லாவற்றையும் எடுத்தோம். வாக்கியத்தின் முதல் எழுத்து, முதல் இரண்டு பெரிய எழுத்து, தட்டும்போதே மாற்றுவது எல்லாம். எழுத்துப்பிழை பார்ப்பதையும் அணைத்தோம், இல்லையென்றால் பாமினியில் அடித்த பக்கம் முழுக்க ரத்தக் கோடுதான். அடுத்தது இடைவெளி. வேர்ட் 2003-ல் எண்டர் தட்டினால் அடுத்த வரி, அவ்வளவுதான். 2007-ல் தானாகவே பத்திக்குப் பின்னால் 10 பாயிண்ட் இடைவெளி, வரிக்கு வரி 1.15 என்று வைத்தார்கள். 2013-ல் அதை 8 பாயிண்ட், 1.08 ஆக்கினார்கள். கையெழுத்து இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது இதனால்தான். டைப்ரைட்டரில் பழகியவர் பெறுநர் முகவரியை வரிக்கு வரி எண்டர் தட்டித்தான் அடிப்பார், ஆறு வரி முகவரிக்கு ஆறு இடைவெளி. இதற்கு மருந்து வேர்டுக்குள்ளேயே இருக்கிறது. டிசைன் பகுதியில் இருக்கும் ஸ்டைல் தொகுப்புகளில் ஒன்றின் பெயரே "வேர்ட் 2003". அதைத் தேர்ந்தெடுத்து டிஃபால்ட் ஆக்கிவிட்டால் பழைய இடைவெளி திரும்பி வருகிறது. இப்படி ஒன்றை அவர்களே பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை சின்னம்மாக்கள் எத்தனை நாட்டில் சண்டை போட்டிருப்பார்களோ!

பிறகு கன்ட்ரோல் டி தட்டி பாமினியை, அவர் வழக்கமாக வைக்கும் அளவில், டிஃபால்ட் ஆக்கினோம். கன்ட்ரோல் எஃப்1 தட்டினால் மேலே இருக்கும் ரிப்பன் சுருண்டுகொள்ளும். அதன் கீழே குவிக் அக்சஸ் பட்டையை இறக்கி, பழைய டூல்பாரில் இருந்த அதே வரிசையில் பட்டன்களை அடுக்கினேன். புதுசு, திற, சேமி, பிரிண்ட், முன்பார்வை. சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை அசைத்துக் காட்டினார், "அதுக்கு அப்பறம் இது வரும் கண்ணு, இல்ல இல்ல, அதுக்கு இந்தப் பக்கம்" என்று. திரை ஞாபகத்தில் இல்லை, மவுஸ் பிடித்த கைக்கு ஞாபகம் இருந்தது. சேமிக்கும்போது முழுத்திரையில் ஒரு பக்கம் வந்து ஒன்டிரைவா, கம்ப்யூட்டரா என்று கேட்பதையும் ஆப்ஷன்ஸில் நிறுத்த முடிகிறது. பழைய மெனுச் சாவிகள் சில இன்னும் உயிரோடு இருப்பது எனக்கே ஆச்சரியம். ஆல்ட் ஓ, பிறகு பி அடித்தால் பத்தி அமைக்கும் பெட்டி இன்றும் திறக்கிறது, ஓ என்ற அந்த மெனு இப்போது இல்லவே இல்லை என்றாலும்.

கடைசியாக ஆட்டோடெக்ஸ்ட். இரண்டெழுத்து அடித்து எஃப்3 தட்டினால் அனுப்புநர், பெறுநர், பொருள், "பணிவுடன் தெரிவித்துக்கொள்வது" வரை மனுவின் தலைப்பகுதி முழுக்க வந்து நிற்கும். முதியோர் உதவித்தொகைக்கு ஒன்று, பட்டாவுக்கு ஒன்று, ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று 40 வைத்திருந்தார். அதே வசதி புது வேர்டிலும் இருக்கிறது, தேர்ந்தெடுத்து ஆல்ட் எஃப்3. பழைய மனுக்களைத் திறந்து ஒவ்வொன்றாக மறுபடி செய்தோம். நேரம் போனதே இதில்தான்.

இதைக் காலேஜில் சொன்னபோது நண்பன் ஒருவன் சிரித்தான். "புதுசு வந்தா புதுசைக் கத்துக்கணும்டா. காரை வாங்கி அதுக்கு மாட்டு வண்டி மாதிரி மூக்கணாங்கயிறு கட்டுற கதையா இருக்கு." வகுப்பில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பழக்கத்தை விடாதவர் பழைய பஞ்சாங்கம், கம்ப்யூட்டர் தெரியாதவர் என்று. எனக்கு இது ஒத்துவரவில்லை.

நாம் பி.காம். படிக்கிறோம், கணக்கிலேயே பார்ப்போம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஆகிற செலவு என்று ஒன்று உண்டு. புது வேர்டால் யாருக்கு லாபமோ அவர் அந்தச் செலவை ஏற்கவில்லை, சின்னம்மாதான் ஏற்றார். ஒரு திங்கட்கிழமையின் பாதி வருமானம், காத்திருந்து எழுந்து பக்கத்துக் கடைக்குப் போன மூன்று பேர், பெரியவரின் ஒன்றரை மணி நேரம். பதிலுக்கு அவருக்கு என்ன கிடைத்தது? அவர் அடிப்பது மனு. அதற்கு 2003-லேயே தேவைக்கு மேல் இருந்தது.

இந்தச் செலவு பற்றி சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் இந்தச் சந்தையில் ராஜா வேர்ட்பெர்ஃபெக்ட். அதன் ஆட்களை இழுக்க வேர்டில் என்னவெல்லாம் செய்தார்கள் தெரியுமா? வேர்ட்பெர்ஃபெக்ட் பழகியவர்களுக்குத் தனி உதவி, அவர்கள் சாவிகளே வேலை செய்யும்படி ஒரு ஆப்ஷன், திரை கூட அதே மாதிரி நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகத் தெரிய இன்னொரு ஆப்ஷன். நீலத் திரை வேர்ட் 2003 வரை இருந்தது. எக்செல் கதை இன்னும் சுவை. லோட்டஸ் 1-2-3-ல் சாய்கோடு தட்டினால் மெனு வரும், எக்செலிலும் இன்று வரை வருகிறது, தட்டிப் பாருங்கள். 1900-ஆம் ஆண்டை லீப் வருஷமாக எடுத்துக்கொள்ளும் லோட்டஸின் தவறைக்கூட அப்படியே எடுத்துக்கொண்டார்கள், பழைய ஃபைல்களின் தேதிக் கணக்கு கெட்டுவிடக்கூடாது என்று. இல்லாத பிப்ரவரி 29 எக்செலில் இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் அடுத்தவன் கடையில் இருந்தபோது அவனுடைய தப்பைக் கூடச் சுமந்தார்கள். எல்லோரும் தன் கடைக்குள் வந்த பிறகு, 2007-ல், மெனுவை எடுத்துவிட்டு ரிப்பனைக் கொடுத்தார்கள். பழைய மெனு வேண்டும் என்பவருக்கு ஒரு பட்டன் வைக்கவில்லை. ரிப்பனை நம் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்குகிற வசதியே 2010-ல்தான் வந்தது.

ரிப்பனுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் வேர்டில் சுமார் 100 கட்டளைகள் இருந்தன, 2003-ல் அது 1500-ஐத் தாண்டிவிட்டது. மெனுவுக்குள் மெனு என்று புதைந்து கிடந்தது. புதிதாகக் கற்பவருக்கு ரிப்பன் எளிது, நான் அதில்தான் கற்றேன், எனக்கு அந்தப் பழைய மெனுதான் குகை மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்பது உண்மையில்லை. அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, அதில் இருந்த ஆபீஸ் அச்சு அசல் சின்னம்மாவின் 2003 மாதிரி. அதே வம்சத்து லிப்ரே ஆபீஸில் 2019-லிருந்து மெனுவா, ரிப்பன் மாதிரி பட்டையா என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கொடுப்பவர்களால் முடிந்திருக்கிறது. (அதையே கடையில் போட்டிருக்கலாமே என்பீர்கள். வெளியிலிருந்து பென்டிரைவில் வருகிற ஃபைல்கள் எல்லாம் வேர்டில் செய்தவை, கட்டம் கொஞ்சம் நகர்ந்தாலும் சின்னம்மாவைத்தான் திட்டுவார்கள்.)

எனக்கும் இது நடந்திருக்கிறது. காலேஜில் படிப்பது டாலிபிரைம். லீவில் நான் போய் உட்காரும் ஆடிட்டர் ஆபீஸில் இ.ஆர்.பி. 9. அங்கே டெபிட் நோட்டுக்கு கன்ட்ரோல் எஃப்9, இங்கே ஆல்ட் எஃப்5. ஒரு நாளைக்கு நூறு தடவை விரல் தப்பான இடத்துக்குப் போகும்போதுதான் தெரிகிறது, பழக்கம் என்பது சோம்பேறித்தனம் இல்லை, சேர்த்து வைத்த உழைப்பு.

பொருளாதாரத்தில் இதற்குப் பெரிய சண்டையே உண்டு. குவெர்ட்டி விசைப்பலகை சிறந்தது என்பதால் நிலைக்கவில்லை, முதலில் வந்து எல்லோரும் பழகிவிட்டதால் நிலைத்தது என்று பால் டேவிட் 1985-ல் எழுதினார். அப்படியெல்லாம் இல்லை, மாற்று விசைப்பலகை அவ்வளவு உசத்தி என்பதற்கே ஆதாரம் பலவீனம் என்று 1990-ல் லீபோவிட்ஸும் மார்கோலிஸும் பதில் எழுதினார்கள். நம் ஊர் குவெர்ட்டி டைப்ரைட்டர் விசைப்பலகைதான். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 வந்தது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு, "க"வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். நான் அதில்தான் அடிக்கிறேன், அருமையாக இருக்கிறது. அதற்காகச் சின்னம்மாவை மாறச் சொல்வேனா? எனக்கு மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை, அவருக்கு 30 வருஷம் இருக்கிறது. தட்டச்சர் வேலைக்கு அரசாங்கம் கேட்ட சான்றிதழுக்காகத்தான் அவர் அந்த விசைப்பலகையைப் படித்தார். அவராகத் தேர்ந்தெடுத்த பிடிவாதம் இல்லை அது.

ஆனால் ஒரு விஷயத்தில் சின்னம்மாவோடு எனக்குச் சண்டை. பாமினி எழுத்துரு. விரல் பழக்கம் வேறு, அந்த எழுத்துரு வேறு. பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத மெஷினுக்குப் போனால் வெறும் இங்கிலீஷ் குப்பை. தேட முடியாது, போனில் அனுப்பினால் படிக்க முடியாது, ஆன்லைன் படிவத்தில் ஒட்ட முடியாது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் டைப்பிங் கடைகளில் பாமினியும் அதன் பங்காளிகளும்தான். கடைக்காரர்களைச் சொல்லி என்ன, "யூனிகோடுக்கு மாறு" என்றால் "தமிழ்99 படி" என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது.

அது அவசியமே இல்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்றவற்றில் பாமினி வரிசையும் பழைய டைப்ரைட்டர் வரிசையும் இருக்கின்றன. விரல் அதே இடத்தில் அடிக்கும், திரையில் விழுவது யூனிகோடு. பாமினியில் "கெ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் உள்ளே இருப்பது தலைகீழ், முதலில் க. அந்த மாற்றலை ரைட்டர் இடையில் நின்று பார்த்துக்கொள்ளும், சின்னம்மாவுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு. தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே, யூனிகோடில் அடித்தால் அரூர் அரூராகவே இருக்கும். ஆறு மணி நேரம் அணைத்ததில் பாதி தேவையே இல்லாமல் போயிருக்கும். மேலே தெரிவதை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் இருப்பதை மாற்றுவது என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் போட்டுக் காட்டினேன். இரண்டு வரி அடித்துப் பார்த்தார். "அடிக்க அப்படியேதான் இருக்கு. ஆனா வரி ஏன் இப்படி எட்டி எட்டி நிக்குது? மனு மறுபடி ரெண்டாம் பக்கம் போவும்." உண்மைதான், யூனிகோடு எழுத்துருக்களில் வரியின் உயரம் அதிகம். வரி இடைவெளியை எக்ஸாக்ட்லி என்று வைத்து ஒரு அளவைக் கொடுத்ததும் அடங்கியது. அதற்கும் ஒரு முகம். "எழுத்து அழகா இல்ல கண்ணு. பாமினி பாரு, எப்படிக் குண்டுகுண்டா இருக்கும்."

அடுத்த திங்கட்கிழமை எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் கூட்டம், சின்னம்மாவின் கை பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மனு பாமினியில்தான். ஒரு கட்சிக்காரர் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று கேட்டதால் அவருக்கு ரைட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். தலைப்பை நடுவில் வைக்க டைப்ரைட்டர் காலத்து முறைப்படி எழுத்துகளை எண்ணி, பாதிக்கு ஸ்பேஸ் தட்டினார். நடுவில் வைக்கும் பட்டன் அந்தப் பட்டையிலேயே இருக்கிறது, நான்தான் வைத்தேன். சொல்லவில்லை.

பென்டிரைவில் பாமினியில் இருக்கும் பழைய மனு ஃபைல்கள் 900-க்கு மேல். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, எந்த எழுத்து எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் பட்டா மனுக்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்.